ரெண்டு மதில், ஒரே கடவுளா? அன்பும் நீதியும் எப்படி ஒண்ணா நிக்குது

குமரி மாவட்டத்துல, கேரள எல்லையில இருக்க களியக்காவிளையில இருந்து மார்த்தாண்டம் போற பஸ்ல ஜன்னல் பக்கம் இடம் கிடைச்சா மதில் மதிலா பைபிள் வசனம் வாசிச்சிட்டே போகலாம், பாதி தமிழ், நடுநடுவுல மலையாளம். எங்க வீட்டுக்குத் திரும்புற முக்குல ஒரு மதில்ல நீல பெயிண்ட்ல "தேவன் அன்பாகவே இருக்கிறார்"னு எழுதியிருக்கும், அதுல இருந்து நாலு வீடு தள்ளி இன்னொரு மதில்ல சிவப்புல "பாவத்தின் சம்பளம் மரணம்". சின்னதுல இருந்து தினமும் பாத்து பாத்து எனக்கு ரெண்டுமே கண்ணுல படாம போயிட்டு. நான் சபையில ஓய்வுநாள் பள்ளி எடுக்கேன், ஆறாங்கிளாஸ் ஏழாங்கிளாஸ் பிள்ளைங்க, அதுல ஒருத்தி போன மாசம் எந்திரிச்சு நின்னு கேட்டா, "அக்கா, நீல மதில்ல இருக்க கடவுளும் சிவப்பு மதில்ல இருக்க கடவுளும் ஒரே ஆளா?"

நான் டக்குனு சொன்ன பதில் "ஆமா மோளே, கடவுள்ட்ட அன்பும் இருக்கு நீதியும் இருக்கு, ரெண்டும் பேலன்ஸா இருக்கு". அவளும் தலையாட்டிட்டு உக்காந்துட்டா. ஆனா வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்கே அது பதிலா தெரியல, அந்த பேலன்ஸ்ங்கற வார்த்தைதான் உறுத்திட்டே இருந்துச்சு. இந்த விஷயத்தை மொதல்லருந்து யோசிக்கறவங்களுக்காகத்தான் இதை எழுதுறேன், கிறிஸ்தவங்களா இருந்தாலும் சரி, பக்கத்து வீட்ல இருந்து "உங்க சாமி மன்னிக்குமா தண்டிக்குமா"ன்னு கேக்கறவங்களா இருந்தாலும் சரி.

பேலன்ஸ்னு சொன்ன உடனே நம்ம மனசுல வர்றது மீன் சந்தையில இருக்க தராசு. ஒரு தட்டு கீழ போனா மறு தட்டு மேல போகணும். அன்பையும் நீதியையும் அப்படி ரெண்டு தட்டுல வெச்சுப் பாத்தா, கடவுள் எவ்வளவு அன்பா இருக்காரோ அவ்வளவு நீதி குறையுது, எவ்வளவு கண்டிப்பா இருக்காரோ அவ்வளவு அன்பு குறையுது, கடைசியில ரெண்டும் பாதிப் பாதியா ஒரு கடவுள்தான் மிஞ்சுவாரு. ஞாயித்துக்கெழம அன்பு, திங்கக்கெழம நீதி மாதிரி. கிறிஸ்தவ விசுவாசம் இத சொல்லவே இல்ல. அகஸ்டின், தாமஸ் அக்குவினாஸ் மாதிரி பெரிய இறையியல் அறிஞர்கள் திரும்பத் திரும்ப சொன்னது என்னன்னா கடவுள் துண்டு துண்டா சேந்தவர் இல்ல, அவருக்குள்ள அன்புன்னு ஒரு பாகம் நீதின்னு ஒரு பாகம் கிடையாது, அவர் எத செஞ்சாலும் முழுசா அவராத்தான் செய்யறாரு. அப்போ அவர் மன்னிக்கும்போதும் நீதியாத்தான் மன்னிக்கணும், நியாயம் தீர்க்கும்போதும் அன்பாத்தான் தீர்க்கணும். சொல்றது ஈஸி, அது எப்படி முடியும்ங்கறதுதான் கேள்வியே.

இதுக்கு ஒரு குறுக்கு வழி ரொம்ப காலத்துக்கு முன்னாடியே ஒருத்தர் கண்டுபிடிச்சாரு. பேரு மார்சியோன், கருங்கடல் கரையில இருக்க சினோப்பே ஊர்க்காரர், ரெண்டாம் நூற்றாண்டு. பைபிள்ல இயேசுவுக்கு முந்தின பாகமான பழைய ஏற்பாட்டுல வர்ற கடவுள் வேற, அவர் நீதி பாக்கற கடவுள், இயேசு காட்டுன தகப்பன் வேற, அவர் அன்பு மட்டுமே உள்ளவர்னு ரெண்டாப் பிரிச்சிட்டாரு, பழைய ஏற்பாட்டையே தூக்கி ஓரமா வெச்சிட்டாரு. 144ல ரோமாபுரி சபை அவர வெளிய அனுப்பிட்டு. ஆனா அந்த எண்ணம் இன்னும் போகல, எங்க ஊர்லயே "பழைய ஏற்பாட்டுல கடவுள் கோவக்காரர், புதிய ஏற்பாட்டுலதான் நல்லவராயிட்டாரு"ன்னு சர்ச்சுக்கு ஒழுங்கா வர்றவங்களே சொல்லிக் கேட்டிருக்கேன். பழைய ஏற்பாட்ட வாசிச்சா அப்படி சொல்லத் தோணாது. யாத்திராகமம் 34ஆம் அதிகாரத்துல கடவுள் மோசேக்கு முன்னாடி தன் பேரையே சொல்லிக் கடந்து போறாரு, அதுல இரக்கம், கிருபை, நீடிய சாந்தம்னுதான் தொடங்குது, அக்கிரமத்தை மன்னிக்கறவர்னு சொல்லுது, அதே மூச்சுல குற்றவாளிய குற்றமில்லாதவன்னு விட்டுடாதவர்னும் சொல்லுது. ஒரே பேர்ல ரெண்டும். அந்தப் பக்கம் புதிய ஏற்பாட்டுல நரகத்தப் பத்தி ரொம்பப் பேசுனது யாருன்னு பாத்தா, இயேசுதான்.

நீதிங்கற வார்த்தைய கேட்டதும் நமக்கு கோர்ட்டு, போலீஸ், அபராதம்தான் ஞாபகம் வருது, அங்கதான் பாதிக் குழப்பம். பழைய ஏற்பாட்டோட மூல மொழியான எபிரேயத்துல மிஷ்பாட்னு ஒரு வார்த்தை, நியாயம், தீர்ப்புன்னு அர்த்தம். ட்சேதாக்கான்னு இன்னொண்ணு, நம்ம பைபிள்ல நீதின்னு வரும், ஒருத்தருக்கொருத்தர் எப்படி நடக்கணுமோ அப்படி நடக்கறது, உறவு நேரா இருக்கறது. பைபிள்ல இந்த வார்த்தைகள் வர்ற நிறைய இடத்துல பக்கத்துலயே விதவை, திக்கற்ற பிள்ளை, பரதேசி, கூலிக்காரன்னு யாராவது நிப்பாங்க. அவங்களுக்கு சேர வேண்டியது சேரணும், அதுதான் நீதி. அதுக்கு அடி வாங்கப் போறவன் பயப்படுவான், சரிதான், ஆனா அடி வாங்கிட்டு இருக்கறவன் அதுக்காக ராத்திரி பகலா காத்துக் கெடப்பான். கடவுள் நீதி செய்வாருன்னு கேட்டா உங்களுக்கு பயமா இருக்கா சந்தோஷமா இருக்காங்கறது நீங்க எந்தப் பக்கம் நிக்கீங்கங்கறத பொறுத்தது. கிளாஸ்ல பிள்ளைங்ககிட்ட கேட்டேன், உங்க தம்பிய ஸ்கூல் வேன்ல ஒருத்தன் தினமும் அடிக்கான், உங்க அம்மை அத கண்ணால பாத்துட்டு, "அவனும் எனக்குப் பிள்ள மாதிரிதான்"னு சிரிச்சிட்டே போயிட்டா எப்படி இருக்கும்? பின்னாடி பெஞ்சுல இருந்த பயல் ஒருத்தன் சொன்னான், "அது அம்மையே இல்லக்கா". கோவமே வராத அன்பு, அன்பா இல்லங்கறது ஏழாங்கிளாஸ் பயலுக்கு தெரியுது. ஆனா நமக்குத்தான் கடவுளோட கோவம்னு வாசிச்ச உடனே அவருக்கு அன்பு இல்லையோன்னு சந்தேகம் வருது.

சரி, அதுவும் ஒத்துக்கறோம், அப்போ மன்னிப்பு எப்படி? தப்பு செஞ்சவன சும்மா விட்டா அடிபட்டவனுக்கு என்ன நீதி? இதுக்கு எனக்கு புத்தகத்துல கிடைச்சதைவிட பாட்டாக்க, அதான் எங்க தாத்தாவோட, கடன் கணக்கு எழுதுற பற்று நோட்டுலதான் நல்லா புரிஞ்சுச்சு.

எங்க பாட்டா முக்குல ஒரு சின்ன பலசரக்குக் கடை வெச்சிருந்தாரு. பற்று எழுதுறதுக்கு நீளமா ஒடுக்கமா ஒரு நோட்டு, காக்கி அட்டை, நடுவுல சணல் கயிறு போட்டு ஆணியில தொங்கும், மண்ணெண்ணெ வாசம் அடிக்கும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம். அதுல ஒரு பனையேறி குடும்பம், அந்த ஆளு பனையில இருந்து விழுந்து இடுப்பு ஒடிஞ்சு படுத்துட்டாரு, ஆறேழு மாசமா அரிசியும் கருப்பட்டியும் மண்ணெண்ணெயும் பற்றுலதான் போச்சு, ரெண்டாயிரத்துக்கு மேல ஆயிட்டு, அன்னைக்கு அது பெரிய தொகை. ஒரு நாள் அந்த அம்மா கடைக்கு வந்து சாமான் கேக்காம ஓரமா நின்னுட்டே இருந்தாங்க. பாட்டா நோட்ட எடுத்தாரு. நான் நெனச்சேன் பக்கத்த கிழிச்சிருவாருன்னு. கிழிக்கல. மூக்குக்கண்ணாடிய போட்டு மேலருந்து கீழ வரைக்கும் ஒவ்வொண்ணா கூட்டுனாரு, ஒரு தடவ இல்ல, ரெண்டு தடவ, பைசா வரைக்கும். மொத்தத்த கீழ எழுதி கோடு போட்டாரு. அப்புறம் வரவு பக்கத்துல அதே தொகைய எழுதி, நேரா தன் சொந்தப் பேர எழுதுனாரு. பாக்கி சைபர். நோட்ட அந்த அம்மா பக்கம் திருப்பி வெச்சு, "மக்ளே, கணக்கு தீந்துட்டு, இன்னைக்கு என்ன வேணும்"னு கேட்டாரு.

நான் அன்னைக்கு எட்டு வயசுப் பிள்ள, எனக்கு இது ஒரு மேஜிக் மாதிரி இருந்துச்சு, பேனாவால கடன் போயிட்டேன்னு. போகலன்னு அந்த வருஷம் கிறிஸ்மசுக்குத்தான் தெரிஞ்சுது. மார்த்தாண்டத்துல மொத்தக் கடைக்காரருக்கு பாட்டா குடுக்க வேண்டிய பாக்கி அப்படியே நின்னுது, அவருக்கு பனையில இருந்து விழுந்த கதை எல்லாம் தெரியாது, அவருக்கு பணம் வேணும். ஆச்சிக்க கம்மல் பணயத்துக்குப் போச்சு. ஆச்சி வெறுங்காதோட, முந்தானைய காது வரைக்கும் இழுத்து மூடிட்டு கிறிஸ்மஸ் ஆராதனைக்கு வந்தா. அந்த ரெண்டாயிரம் மறைஞ்சு போகல, ஒரு வீட்டுல இருந்து இன்னொரு வீட்டுக்கு நகந்து வந்துச்சு, அவ்வளவுதான்.

இந்த இடத்துல கொஞ்சம் நிக்கணும். மன்னிப்புன்னா ஒண்ணும் நடக்கலன்னு சொல்றது இல்ல. பாட்டா பக்கத்த கிழிச்சிருந்தா அது இரக்கம் மாதிரி தெரிஞ்சிருக்கும், ஆனா அது கணக்கே பொய்யின்னு ஆக்கிருக்கும், அந்த அம்மாவும் வாழ்க்கை பூரா இவர்ட்ட நாம எவ்வளவு கடன் பட்டிருக்கோம்னே தெரியாம கூனிக்குறுகி நடந்திருப்பாங்க. பணத்த வெச்சிட்டுப் போன்னு சொல்லிருந்தா கணக்கு சரியா இருந்திருக்கும், அந்தக் குடும்பம் இருந்திருக்காது. அவர் கணக்க பைசா சுத்தமா உண்மையா வெச்சாரு, அதே கணக்க தன் மேல எடுத்துக்கிட்டாரு. இதுல எது அன்பு எது நீதின்னு பிரிச்சுக் காட்டுங்கன்னு கேட்டா என்னால முடியாது, கூட்டிப் பாத்த அதே கைதான் வரவும் எழுதுச்சு.

கிறிஸ்தவங்க சிலுவையப் பத்தி சொல்றது இதத்தான். இயேசுவோட அப்போஸ்தலர் பவுல் ரோமர் 3ஆம் அதிகாரத்துல எழுதறாரு, கடவுள் தானும் நீதியுள்ளவரா இருந்து, இயேசுவ நம்புறவன நீதிமானாக்குறவராவும் இருக்காருன்னு. ரெண்டுல ஒண்ணுன்னு எழுதல, ரெண்டும் சேத்துத்தான் எழுதறாரு. பாவத்தோட கணக்கு சிலுவையில கிழிக்கப்படல, முழுசா கூட்டப்பட்டுது, எவ்வளவு மோசம்னு ஊருக்கே தெரியற மாதிரி. வரவு பக்கத்துல கடவுள் தன் பேர எழுதுனாரு.

இதுல ஒரு பெரிய தப்பு நடக்கும், நம்ம ஊர் கன்வென்ஷன் பந்தல்லயே நிறைய நடக்கும், அத சொல்லாம விட முடியாது. கோவமான அப்பா ஒருத்தர் மேல உக்காந்திருக்காரு, அவர் யாரையாவது அடிச்சே ஆகணும்னு நிக்கறாரு, நடுவுல அப்பாவியான மகன் வந்து அடி வாங்குனாரு, அப்பாக்கு கோவம் தீந்துட்டுங்கற மாதிரி சொல்லிருவாங்க. கேக்கற பிள்ளைங்களுக்கு இயேசு மேல பாசம் வரும், தகப்பன் மேல பயம்தான் மிஞ்சும். இது மார்சியோன் சொன்னதுதான் வேற உடுப்பு மாட்டிட்டு வருது. பாட்டா ரோட்டுல போன பையன கூப்ட்டு நீ கட்டுடேன்னு சொல்லல. "தேவன் கிறிஸ்துவுக்குள்" உலகத்த தன்னோட ஒப்புரவாக்குனாருன்னு பவுல் 2 கொரிந்தியர் 5ல சொல்லுதாரு. தகப்பன், குமாரன், பரிசுத்த ஆவி மூணும் ஒரே கடவுள்ங்கற திரித்துவ உபதேசம் இந்த இடத்துலதான் ரொம்ப முக்கியம், அது இல்லன்னா சிலுவை ஒரு மூணாவது ஆளுக்கு நடந்த அநியாயமா ஆயிரும். சிலுவையில கஷ்டப்பட்டது வெளிய இருந்து பிடிச்சிட்டு வந்த ஆள் இல்ல, தீர்ப்பு சொல்ல வேண்டியவரே கூண்டுல ஏறி நின்னாரு.

சபைகள் எல்லாம் இத ஒரே மாதிரி விளக்குனதும் இல்ல. இங்கிலாந்துல காண்டர்பரி பேராயரா இருந்த அன்செல்ம் 1098ல எழுதி முடிச்ச நூல்ல, பாவம்ங்கறது கடவுளுக்குச் சேர வேண்டிய மரியாதைய குடுக்காத கடன்னு சொன்னாரு, அந்தக் கடன மனுஷன்தான் தீர்க்கணும் ஆனா கடவுளாலதான் தீர்க்க முடியும், அதான் கடவுள் மனுஷனானாருன்னு. அதுக்கப்புறம் வந்த பிரெஞ்சு அறிஞர் பீட்டர் அபெலார்டு சிலுவையில தெரியற அன்பு நம்ம மனச மாத்துறதத்தான் அழுத்தி சொன்னாரு. 16ஆம் நூற்றாண்டு சீர்திருத்தக்காரங்க, அதுல கால்வின் சட்டம் படிச்சவர், கோர்ட்டு மொழியில சொன்னாங்க, நமக்கு வர வேண்டிய தண்டனைய அவர் ஏத்துக்கிட்டாருன்னு. மரணத்தையும் சாத்தானையும் ஜெயிச்சதுதான் சிலுவைன்னு ஆதி சபையில பலமா இருந்த விளக்கத்த 1930கள்ல சுவீடன்காரர் குஸ்தாவ் ஔலேன் திரும்பவும் பேச வெச்சாரு. எனக்கென்னவோ இதுல ஒண்ண மட்டும் பிடிச்சிட்டு நின்னா படம் கோணலாயிரும்னு தோணுது, புதிய ஏற்பாடே கோர்ட்டு, சந்தை, பலிபீடம், யுத்தம், வீடுன்னு பல இடத்துல இருந்து உவமை எடுக்குது.

எல்லைக்கு அந்தப் பக்கம் போனா கேரளத்துல சிரியன் சபைகள் நிறைய, அவங்க வழிபாட்டு மரபு சிரியாக்ங்கற பழைய மொழியில இருந்து வந்தது. அந்த சிரியாக் உலகத்துல 7ஆம் நூற்றாண்டுல நினிவே ஈசாக்குன்னு ஒரு துறவி இருந்தாரு, இன்னைக்கு கத்தார்னு சொல்ற பகுதியில பிறந்தவர், கொஞ்ச காலம் ஆயரா இருந்து அத விட்டுட்டு தனியா ஜெபிக்கப் போயிட்டாரு. கடவுள நீதியுள்ளவர்னு சொல்லாதேன்னே அவர் எழுதிருக்காரு, உன் விஷயத்துல அவர் நடந்துக்கிட்டதுல அந்தக் கணக்குப் பாக்கற நீதியே தெரியலியேன்னு. நரகத்துல இருக்கறவங்க வேதனப்படறதும் அன்பாலதான், அன்புக்கு விரோதமா நடந்துட்டோமேங்கற வேதனைதான் எல்லாத்தையும் விட பெருசுன்னும் சொன்னாரு. எனக்கு இத மொதல்ல வாசிச்சப்போ பயங்கர ஆறுதலா இருந்துச்சு. ஆனா அப்புறம் எனக்க அம்மைய நெனச்சுப் பாத்தேன், அங்க வந்து கொஞ்சம் நின்னுட்டேன்.

எனக்க அம்மை இருபத்தி நாலு வருஷம் அண்டி ஆபீசுல, அதான் முந்திரிக் கம்பெனியில, வேல பாத்தா. முந்திரிக் கொட்டைய உடைக்கும்போது அந்த எண்ணெ கையில பட்டு விரல் நுனி எல்லாம் கறுத்துப் பொத்துப் போயிருக்கும், சாம்பல தொட்டுத் தொட்டுத்தான் உடைப்பா, ஞாயித்துக்கெழம திருவிருந்து வாங்க கைய நீட்டும்போது அந்தக் கறைய பாத்து சின்னதுல எனக்கு வெக்கமா இருக்கும், இப்போ அத நெனச்சா தொண்டைய அடைக்குது. அந்தக் காசுல மாசாமாசம் ஒரு சீட்டு போட்டா, எனக்கு நர்சிங் படிக்க ஃபீஸ் கட்ட. சீட்டு நடத்துன ஆளு ஒரு நாள் ராத்திரியோட ராத்திரியா கடைய பூட்டிட்டுப் போயிட்டாரு. எங்க வீடு மாதிரி எத்தனையோ வீடு. ரெண்டு வருஷம் கழிச்சு அதே ஆளு பக்கத்து ஊர் ஜெபக் கூட்டத்துல மைக்க பிடிச்சு சாட்சி சொன்னாரு, நான் பெரிய பாவி, கர்த்தர் என் பாவத்த எல்லாம் கடலோட ஆழத்துல போட்டுட்டாரு, இப்போ எனக்கு சமாதானம்னு. ஜனங்க எல்லாம் அல்லேலூயா சொன்னாங்க. அம்மையும் அங்க உக்காந்திருந்தா. கூட்டம் முடிஞ்சு வீட்டுக்கு வந்து கையக் கழுவிட்டே சொன்னா, "அவரு பாவத்த கடல்ல போட்டது சரி மோளே, எனக்க பணம் எந்தக் கடல்ல கெடக்கு?"

அன்பு மட்டும் போதும், நீதி எதுக்குன்னு கேக்கறவங்ககிட்ட நான் இந்தக் கதையத்தான் சொல்லுவேன். அந்த ஆளு கடவுள்ட்ட மன்னிப்பு கேட்டாரு, அம்மைட்ட கேக்கவே இல்ல. சகேயு கதைய பாருங்க, லூக்கா 19. எரிகோவுல வரி வசூல் பண்ணி ஊர ஏச்ச ஆளு, குள்ளமா இருந்ததால காட்டத்தி மரத்துல ஏறி உக்காந்து பாக்கறான், இயேசு அவன திட்டல, பணத்த திருப்பிக் குடுத்துட்டு வான்னு கண்டிஷன் போடல, உன் வீட்டுக்கு வாறேன்னு சொல்லுதாரு. அன்புதான் மொதல்ல. ஆனா அந்த அன்பு வீட்டுக்குள்ள வந்த உடனே சகேயு எந்திரிச்சு நின்னு, சொத்துல பாதிய ஏழைகளுக்கு குடுக்கேன், அநியாயமா வாங்குனத நாலத்தனையாத் திருப்பிக் குடுக்கேன்னு சொல்லுதான். நாலத்தனைங்கறது அவன் சும்மா வாயில வந்தத சொன்னது இல்ல, ஆட்டத் திருடுனவன் ஒண்ணுக்கு நாலா குடுக்கணும்னு யாத்திராகமம் 22ல இருக்கு. அதுக்கு அப்புறம்தான் இயேசு, "இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது"ன்னு சொல்றாரு. காட்டத்திப் பழம் பொறுக்குன ஆமோஸ் தீர்க்கதரிசி அதுக்கு எழுநூறு வருஷத்துக்கு மேல முன்னாடி, நியாயம் தண்ணியப் போலவும் நீதி வற்றாத நதியப் போலவும் புரண்டு வரட்டும்னு கத்துனாரு, அந்த நதி எரிகோவுல ஒரு காட்டத்தி மரத்தடியில வந்து சேந்த மாதிரி எனக்கு எப்பவும் தோணும்.

ஹிட்லரை எதுத்து நின்னு 1945ல தூக்குல போடப்பட்ட ஜெர்மன் போதகர் போன்ஹோஃபர் இதுக்கு ஒரு பேரே வெச்சாரு, மலிவான கிருபைன்னு. மனந்திரும்பாம வாங்குற மன்னிப்பு. கிருபை இலவசம்தான், ஆனா மலிவு இல்ல. வாங்கறவங்களுக்குத்தான் இலவசம், குடுத்தவருக்கு அது ஆச்சிக்க கம்மல் மாதிரி.

அந்தப் பக்கமும் ஒரு கதை இருக்கு, மத்தேயு 18. ராஜாவுக்கு பதினாயிரம் தாலந்து கடன்பட்ட ஊழியக்காரன். ஒரு தாலந்துன்னா சுமார் 6,000 நாள் கூலி, அப்போ மொத்தம் 6 கோடி நாள் கூலி, வருஷத்துக்கு 300 நாள் வேலைக்குப் போனாலும் 2 லட்சம் வருஷம் ஆகும். அத ராஜா விட்டுடறாரு. வெளிய வந்த உடனே அவன் தனக்கு 100 வெள்ளிப்பணம், அதாவது 100 நாள் கூலி, தர வேண்டியவன் கழுத்த நெரிக்கான். இங்க கவனிக்க வேண்டியது, அந்த 100 நாள் கூலி சின்னக் காசுன்னு இயேசு சொல்லல, அம்மைக்க கணக்குல அது நாலு மாச உழைப்பு. நமக்குப் பட்ட காயம் நெசமான காயம்தான். ஆனா பெருசா மன்னிப்பு வாங்குன கை அடுத்தவன் கழுத்துக்குப் போகக் கூடாதுங்கறாரு. திராட்சத் தோட்டக் கதையும் (மத்தேயு 20) இதே சங்கதிதான், காலையில இருந்து வேல செஞ்சவனுக்கும் சாயங்காலம் அஞ்சு மணிக்கு வந்தவனுக்கும் ஒரே கூலி. நம்ம ஆட்கள் விடிகாலையில ஜங்ஷன்ல நின்னு கேரளாக்கு வேலைக்குப் போற கூட்டத்த பாத்தவங்களுக்கு அந்த அஞ்சு மணி ஆளு யாருன்னு தெரியும், ஒருத்தரும் கூப்பிடாம நின்னவன், அவன் வீட்லயும் ராத்திரி அடுப்பு எரியணும்லா. காலையில வந்தவனுக்குப் பேசுன கூலியில ஒரு காசும் குறையல, அங்க நீதி நிக்குது.

இது ஏதோ ஆத்துமா விஷயம் மட்டும்னு நெனச்சா எங்க மண்ணோட சரித்திரமே ஒத்துக்காது. 1956 நவம்பர் 1 வரைக்கும் எங்க விளவங்கோடு தாலுகா தமிழ்நாட்டுல இல்ல, அதுக்கு முன்னாடி திருவிதாங்கூர் சமஸ்தானம், கடைசி சில வருஷம் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம். 1806ல ரிங்கல்தௌபேங்கற ஜெர்மன் மிஷனரி மயிலாடிக்கு வந்து, பின்னால லண்டன் மிஷன் சபைகள் வளந்தப்போ, கடவுள் உன்ன நேசிக்காருன்னு கேட்டவங்கள்ல ரொம்பப் பேர் அடிமைகளாவும், மாராப்பு போட உரிமை இல்லாதவங்களாவும் இருந்தாங்க. கடவுள் என்ன நேசிக்காருன்னா நான் எதுக்கு நெஞ்ச மறைக்காம நடக்கணும்னு ஒரு பொம்பளைக்குத் தோணுனதுதான் தோள்சீலைப் போராட்டம். 1822ல தொடங்குன கலவரம் 1859 வரைக்கும் இழுத்துச்சு, துணிய கிழிச்சாங்க, வீட்ட எரிச்சாங்க. 1855ல அடிமைமுறைய ஒழிச்சு அரசாணை வந்துது, 1859 ஜூலை 26ல மேலாடை போடலாம்னு வந்துது, அதுவும் மேல்சாதிப் பெண்கள் போடற மாதிரி போடக் கூடாதுங்கற கண்டிஷனோட. அன்பு உள்ள போன இடத்துல நீதி வேணும்னு கேள்வி தானா முளைச்சுது, யாரும் தனியா விதைக்க வேண்டி வரல. அதே சபைகளுக்குள்ள ஜாதி இன்னைக்கும் உக்காந்திருக்குங்கறதையும் சொல்லணும், கல்யாணப் பேச்சு வரும்போது தெரியும், அது எனக்கு தீராத வருத்தம்.

நரகத்தப் பத்தி பிள்ளைங்க கேட்டா நான் பயமுறுத்தறது இல்ல, மறைக்கறதும் இல்ல. முடிவில்லாத தண்டனைன்னு பெரும்பாலான சபைகள் சொல்லிட்டு வருது, கடைசியில அழிஞ்சு போறதுதான்னு சிலர் சொல்றாங்க, எல்லாரும் ஒரு நாள் திரும்பி வருவாங்கன்னு 4ஆம் நூற்றாண்டுலயே நிசாவின் கிரகோரிங்கற ஆயர் நம்புனாரு. எப்படிப் பாத்தாலும் கடவுள் யாரையும் கைய முறுக்கி இழுத்துட்டு வர மாட்டாரு, அதே நேரம் அநியாயத்த கடைசி வரைக்கும் பாத்துட்டு சும்மாவும் இருக்க மாட்டாரு, இந்த ரெண்டையும் விடாம பிடிச்சிருந்தா போதும்னு தோணுது.

அடுத்த ஞாயிறு அந்தப் பிள்ளைய கூப்ட்டு ரெண்டு மதில் வசனத்தையும் பைபிள்ல எடுத்து மீதிய வாசிக்க சொன்னேன், ஏன்னா ரெண்டு மதில்லயுமே பாதிதான் எழுதியிருக்கு, இடம் பத்தல போல. சிவப்பு மதில், ரோமர் 6:23, "பாவத்தின் சம்பளம் மரணம்", அதோட நிக்கல, "தேவனுடைய கிருபைவரமோ நம்முடைய கர்த்தராகிய இயேசுகிறிஸ்துவினால் உண்டான நித்தியஜீவன்". சம்பளம் உழைச்சு வாங்கறது, வரம் சும்மா கிடைக்கறது, அத அவளே கண்டுபிடிச்சு சொன்னா. நீல மதில், 1 யோவான் 4:8, அதுல இருந்து ரெண்டு வசனம் கீழ போனா, நம்ம பாவத்த நிவிர்த்தி செய்ய தன் குமாரன பலியா அனுப்புனாரு, அதுதான் அன்புன்னு வருது. சிவப்பு மதிலுக்குள்ள அன்பு இருக்கு, நீல மதிலுக்குள்ள கணக்குத் தீர்ப்பு இருக்கு. அவ கொஞ்ச நேரம் விரல வசனத்து மேல வெச்சிட்டே இருந்தா. அப்புறம் கேட்டா, "அப்போ மதில்ல எதுக்குக்கா பாதிய எழுதுனாங்க?" எனக்கு பதில் தெரியல.

அம்மைக்கு இப்போ அறுபத்தெட்டு வயசு, அண்டி ஆபீசுக்கு போறது இல்ல, விரல்ல கறை மட்டும் போகல. அந்தச் சீட்டு பாஸ்புக்க பீரோவுல பைபிள் பக்கத்துலயே வெச்சிருக்கா. காலையில சாயா போடறதுக்கு முன்னாடி ஜெபிக்கும்போது அந்த ஆளுக்க பேர சொல்லி, அவருக்க பிள்ளைங்களுக்க பேரையும் சொல்லி, நல்லா இருக்கணும் கர்த்தாவேன்னு வேண்டிப்பா. கோர்ட்டுல கேஸ் இன்னும் நடக்குது, வாய்தாவுக்கு வாய்தா குடையும் எடுத்துட்டு முதல் பஸ்ஸுக்கே கெளம்பிருவா. ஊர்ல ஒருத்தங்க, "மன்னிச்சிட்டேன்னு சொல்லிட்டு கேஸ் எதுக்கு நடத்துதீங்க, வாபஸ் வாங்கப்படாதா"ன்னு கேட்டப்போ, அம்மைக்கு கேள்வியே புரியாத மாதிரி பாத்துட்டு, "ரெண்டும் அவருக்காகத்தானே"ன்னு சொன்னா.